24 பேர், ஒரே மாடி, ஒரு தண்ணீர்ச் சாவி

முதலாண்டில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது, விடுதி மேடம் என்னையும் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு பெண்ணையும் கூப்பிட்டு ஒரு சாவியைக் கையில் கொடுத்தார். விடுதிக்குப் பின்னால் இருந்த குடிநீர்த் தொட்டி அறையின் சாவி. எங்கள் விடுதிக்கு ஒகேனக்கல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அதுவும் விடியற்காலை நாலரை மணி வாக்கில் வந்து ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிடும். அதற்குள் தொட்டியை நிரப்பி, வால்வைத் திருப்பி, ஒவ்வொரு மாடியிலும் இருக்கிற ட்ரம்முக்கும் விட்டாக வேண்டும். "ஆறு வாரத்துக்கு இது உங்க ரெண்டு பேர் பொறுப்பும்மா" என்றார். எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை.

இது 2014-ல் தருமபுரியில். எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அம்மா தக்காளித் தோட்டத்துக் கூலி. பள்ளியில் நான் வகுப்புத் தலைவியாக இருந்தவள் இல்லை. அந்த விடுதியில் முதலாண்டு மாணவிகள் 24 பேரை ஒரே மாடியில் தங்கவைத்து, 'தலைமைப் பயிற்சிக் குழு' என்று ஒன்றை எங்கள் தமிழ்த்துறை மேடம் ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார். அவரும் அதே மாடியின் கோடி அறையில்தான் தங்கியிருந்தார். பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. என்று எல்லாத் துறையிலிருந்தும் எடுத்திருந்தார், ஆனால் பொதுத்தமிழ் வகுப்பு மட்டும் 24 பேருக்கும் ஒரே பிரிவு. பகலில் ஒரு மணி நேரம் சேர்ந்து படிப்போம், இரவில் ஒரே வராண்டாவில் சேர்ந்து உட்காருவோம். நான் அதில் ஓராண்டு இருந்தேன், பல ஆண்டுகள் கழித்து 2022 முதல் 2025 வரை, விடுதியிலேயே தங்கும் ஆசிரியையாக, இதே மாதிரி ஒரு குழுவை மூன்று ஆண்டுகள் நடத்தினேன். மாணவியாக ஓராண்டு, ஆசிரியையாக மூன்றாண்டு என்று இந்த நான்கு ஆண்டுகளில் கண்டதைத்தான் எழுதுகிறேன். தங்கள் கல்லூரியில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கிற விடுதிக் காப்பாளர்களுக்கும், பெண்ணை இதில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற பெற்றோருக்கும் இது உதவலாம்.

முதலில் அந்தச் சாவியைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

என்னுடன் சேர்ந்து தண்ணீர்ப் பொறுப்பில் இருந்தவள் யாரிடமும் பேசமாட்டாள். பேசினாலும் துப்பட்டா நுனியை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். அவள் பற்களில் பழுப்பாகக் கோடு கோடாக இருக்கும். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம், சின்ன வயதிலிருந்து அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல் இப்படி ஆகிவிடும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். ஆனால் எங்கள் வயதுக்காரர்களுக்குப் பல் முளைத்த காலத்தில் அந்தத் தண்ணீர் இல்லையே.

மூன்றாவது வாரம் குழாய் பழுது என்று நான்கு நாள் தண்ணீர் வரவில்லை. விடுதியில் போர் தண்ணீர் இருந்தது, அதைக் காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாம் என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். திங்கட்கிழமை இரவு எல்லோரும் வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது அவள் எழுந்தாள். அதுவரை அந்தக் கூடலில் அவள் வாயைத் திறந்ததே கிடையாது. "காய்ச்சினா கிருமிதான் சாகும். புளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது இன்னும் கூடத்தான் செய்யும். எங்க ஊர்ல வருஷக்கணக்கா காய்ச்சித்தான் குடிச்சோம்" என்றாள். சொல்லிவிட்டுத் துப்பட்டாவைக் கீழே இறக்கிவிட்டாள். அவள் பாட்டிக்கு முழங்கால் மடங்காமல் போனதையும், மூட்டுவலி என்று எத்தனையோ ஆஸ்பத்திரிக்கு அலைந்ததையும் சொன்னாள். யாரும் குறுக்கே பேசவில்லை.

அன்று இரவே நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம். அந்தக் கட்டடத்தில் மொத்தம் 60 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 3 லிட்டர் என்றால் 180 லிட்டர், 20 லிட்டர் கேன் என்றால் ஒன்பது கேன். காகிதத்தில் எழுதிக்கொண்டுபோய்க் காலையில் வார்டனிடம் கொடுத்தோம், மெஸ் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். போர் தண்ணீர்க் குழாய்க்கு மேலே 'குளிக்க, துவைக்க மட்டும்' என்று அவளே கையால் எழுதி ஒட்டினாள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரைதான் இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி என்பதையெல்லாம் பிறகு வேதியியல் படித்த ஒருத்தி தேடி எடுத்துக்கொடுத்தாள், அதையும் கீழே சேர்த்து எழுதினோம். அந்த வாரத்துக்குப் பிறகு தண்ணீர் என்றால் சீனியர் அக்காக்கள்கூட அவளிடம்தான் வந்து கேட்பார்கள்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமைக் கூடல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதை நம்பித்தான் ஓடியது. இரவுச் சாப்பாடு முடிந்து எட்டரைக்கு உட்காருவோம், நாற்பது நிமிடம்தான், போன் அறையிலேயே இருக்கும், நாற்காலி கிடையாது, மேடமும் தரையில்தான். ஒவ்வொரு பொறுப்புக்காரரும் அந்த வாரம் என்ன கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். நல்லபடியாக நடந்ததைச் சொல்ல நேரம் ஒதுக்கவே மாட்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: "தெரிஞ்சும் சொல்லாம விட்டது யாருக்கு என்ன இருக்கு?" முதல் ஒன்றிரண்டு மாதம் இந்தக் கேள்விக்கு எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வோம். பிறகு மெல்ல மெல்ல வரும். அறை எட்டில் இருக்கிறவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்பது அப்படித்தான் வெளியே வந்தது, ஒருத்தியின் அப்பா ஃபீஸ் கட்டாததால் அவள் ஊருக்குப் போய்விடலாம் என்று பையைக் கட்டிவைத்திருந்தது தெரியவந்ததும் அப்படித்தான்.

இரண்டாம் செமஸ்டரில் எனக்கு மெஸ் பொறுப்பு வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புகளில் ஒன்று அங்கேதான் நடந்தது.

எங்கள் மெஸ் டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, எல்லோரும் சாப்பிட்ட நாள்களின் மொத்தத்தால் வகுத்தால் ஒரு நாள் கட்டணம் வரும், அவரவர் இருந்த நாளுக்கு ஏற்றபடி கட்ட வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் முன்னாலேயே எழுதிக் கொடுத்தால் அந்த நாள்கள் கழியும். மார்ச் மாதம், பெரும்பாலும் ஒரே பக்கத்து ஊர்களைச் சேர்ந்த 11 பேர் மாரியம்மன் பண்டிகைக்கு ஆறு நாள் ஊருக்குப் போனார்கள். என்னிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போனார்கள், நான் நோட்டில் ஏற்றவில்லை. மாதக் கடைசியில் பில்லை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டேன். செலவு 75,000 ரூபாய், மொத்த நாள்கள் 1,566, ஒரு நாளைக்கு 47 ரூபாய் 89 காசு. உண்மையில் அந்த 66 நாளைக் கழித்திருக்க வேண்டும், 1,500 நாள், ஒரு நாளைக்கு 50 ரூபாய். ஊருக்குப் போன ஒவ்வொருத்திக்கும் சாப்பிடாத சாப்பாட்டுக்கு ஏறக்குறைய 235 ரூபாய் கூடுதலாகப் போட்டிருந்தேன். என் அம்மாவின் ஒரு நாள் கூலி அப்போது அதைவிடக் குறைவு.

அந்த 11 பேருக்குக் குறைக்க வேண்டும் என்றால் மற்ற 49 பேருக்கு ஏற்றியாக வேண்டும், ஆளுக்கு ஏறக்குறைய 53 ரூபாய். அதில் பாதிக்கு மேல் எங்கள் குழுவிலேயே இல்லாதவர்கள். மேடம் நினைத்திருந்தால் அலுவலகத்தில் சொல்லி அடுத்த மாதக் கணக்கில் சத்தமில்லாமல் சரிசெய்திருக்கலாம். அவர் செய்யவில்லை. "நோட்டை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ரூமா போ. கணக்கைக் காட்டு. உன் தப்பை நீயே சொல்லு" என்றார். கூட வரவும் இல்லை.

இரண்டு சாயங்காலம் ஆனது. பெரும்பாலானவர்கள் நோட்டைப் பார்த்ததும் சரி என்றுவிட்டார்கள். அரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பி.காம்., கதவு நிலையில் நின்றபடியே கேட்டாள்: "உன் தப்புக்கு நான் ஏன்டி 53 ரூபா கட்டணும்?" நியாயமான கேள்விதான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அப்புறம் நோட்டை அவள் கையிலேயே கொடுத்து, "நீயே போட்டுப் பார். இந்த 53 ரூபா நீ சாப்பிட்டது, அதை இப்போ அவங்க கட்டியிருக்காங்க" என்றேன். அவள் உட்கார்ந்து பத்து நிமிடம் கணக்குப் போட்டாள், கணக்கு சரியாகத்தான் வந்தது. கட்டினாள். ஆனால் அடுத்த திங்கட்கிழமை கூடலுக்கு வந்து, குழுவில் இல்லாதவள்தான், அனுமதி கேட்டு உட்கார்ந்து, "லீவு நோட்டு இரவு எட்டு மணிக்கு மூடணும், போறவங்களும் மெஸ் ரெப்பும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்று சொன்னாள். அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. நான் ஆசிரியையாக இருந்த மூன்று ஆண்டிலும் அதே இரண்டு கையெழுத்துதான்.

பிறகு எம்.ஃபில். படிக்கும்போதுதான் இதற்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதை லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி என்கிறார்கள். முதலாண்டு மாணவர்களை ஒரே விடுதிப் பகுதியில் தங்கவைத்து, ஒன்றிரண்டு பாடத்தைச் சேர்ந்து படிக்கவைப்பது, அதற்குத் தலைமைப் பண்பு, சுற்றுச்சூழல் என்று ஏதாவது ஒரு மையப்பொருள் வைப்பது. இதன் வேர் என்று பலரும் சொல்வது, அலெக்சாண்டர் மெய்க்கில்ஜான் 1927-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பரிசோதனைக் கல்லூரி. மாணவர்கள் ஒரே விடுதியில் இருந்தார்கள், ஆசிரியர்களின் அறையும் அங்கேயே. முதலாண்டு முழுக்கப் பழைய ஏதென்ஸ் நகரத்தைப் பற்றி, இரண்டாம் ஆண்டு அமெரிக்காவைப் பற்றி, பாடத்தையும் பேச்சையும் பிரிக்காமல் படித்தார்கள். 1932-ல் மூடிவிட்டார்கள். சேருகிற மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது ஒரு முக்கியக் காரணம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் மேடம் நினைவுதான் வந்தது, அவருக்கு விஸ்கான்சின் எல்லாம் தெரிந்திருக்குமா என்று நான் கேட்டதே இல்லை.

2022-ல் நானே நடத்தும் வாய்ப்பு வந்தபோது முதலாண்டு ஏறக்குறைய எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். பிளஸ் டூ மதிப்பெண்ணையும் பள்ளியில் வகித்த பதவியையும் பார்த்து ஆள் எடுத்தேன். தலைவி, துணைத்தலைவி, செயலாளர் என்று பதவி கொடுத்து பேட்ஜ் குத்தினேன். விருந்தினர் வந்தால் வரவேற்பது, விழாவில் தொகுத்து வழங்குவது, கோலம் போடுவது, இதெல்லாம்தான் வேலை. செப்டம்பர் வந்தபோது அவர்களுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை, பேட்ஜை யாரும் குத்திக்கொள்ளவும் இல்லை. சோர்ந்துபோன பிள்ளைகளைப் பார்க்க எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது. தண்ணீர் வராவிட்டால் 60 பேருக்கு மறுநாள் காலையே தெரிந்துவிடும், கோலம் கோணலாகப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த வேறுபாட்டை, அதை அனுபவித்து வளர்ந்த நானே மறந்திருந்தேன்.

அந்த ஆண்டு எங்களைக் காப்பாற்றியது புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பரில் அரசு அதைத் தொடங்கியது, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். யார் யாருக்குத் தகுதி, யாருடைய வங்கிக் கணக்கில் ஆதார் இணையவில்லை, எவளுடைய சான்றிதழில் பெயர் எழுத்து மாறியிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய இரண்டு பேரைப் போட்டேன். ஒருத்தி தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், தமிழை உரக்கப் படிக்கத் தயங்குவாள், ஆனால் ஒரு காகிதத்தை எடுத்தால் அதில் எங்கே தப்பு இருக்கிறது என்று சட்டென்று கண்டுபிடிப்பாள். விடுதி முழுக்க ஒவ்வொரு அறையாகப் போய்ப் பட்டியல் எடுத்தாள். வங்கிக்கு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். பொதுத்தமிழ் வகுப்பில் அவள் எழுந்து நின்று படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் ஆண்டு ஆள் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டு அரைப் பக்கம் எழுதச் சொன்னேன்: வீட்டில் நீ இல்லாவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்? "மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். "பாட்டிக்கு மாத்திரை எது காலை, எது ராத்திரி என்று எனக்குத்தான் தெரியும்" என்று இன்னொருத்தி. இந்த மாதிரி எழுதியவர்களைத்தான் எடுத்தேன், ஒருவர்கூட ஏமாற்றவில்லை. அதோடு பொறுப்பை இரண்டு இரண்டு பேராகக் கொடுப்பதையும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதையும் பழையபடி கொண்டுவந்தேன். இரண்டு வாரத்தில் மாற்றினால் கற்றுக்கொள்வதற்குள் கைமாறிவிடும். ஒரே நாளில் இருவரையும் மாற்றினால் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது, அதனால் ஒருத்தி மூன்று வாரம் முந்தியே மாறுவாள்.

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது சும்மா இருப்பதுதான். காலையில் குளியலறை வரிசைச் சண்டை ஒன்று ஒன்பது நாள் நீடித்தது, நான் போய் நின்றால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். முதலாண்டு அப்படித்தான் எல்லாச் சண்டையையும் முடித்துவைத்தேன், அதன் பலன், பல்ப் ஃபியூஸ் போனாலும் என் கதவைத் தட்டினார்கள். இந்தமுறை வாயைக் கட்டிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் எட்டு மணி வகுப்புக்காரர்கள், ஒன்பது மணி வகுப்புக்காரர்கள் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். ஆனால் ஒன்று, உடம்புக்கு முடியாமல் போவது, ராகிங், யாராவது பயமுறுத்துவது, பணம் காணாமல் போவது, இவற்றில் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது, அது ஆசிரியரின் வேலை. 18 வயதுப் பெண்ணின் தலையில் அதை ஏற்றக் கூடாது. இதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும்.

சீனியர்கள் விஷயம் கவனமாகச் செய்ய வேண்டியது. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள் முதலாண்டு மாணவர்களைக் கூடுமானவரை தனி விடுதிப் பகுதியில் தங்கவைக்கச் சொல்கின்றன. அதனால் சீனியர்களை அந்த மாடியில் தங்கவைக்காமல், போன ஆண்டுக் குழுவில் இருந்த இரண்டு அக்காக்களை மட்டும் திங்கட்கிழமைக் கூடலுக்கு, நான் இருக்கும்போது, வரச் சொன்னேன். கேட்டால் பதில் சொல்லலாம், அவர்களாக வேலை ஏவக் கூடாது.

பெற்றோரில் பலருக்குத் தலைமை என்ற சொல்லே பயம். "தலைமைன்னா அரசியலுங்களா மேடம்? எலக்ஷன்ல கிலக்ஷன்ல நிக்க வெப்பீங்களா?" என்று காரிமங்கலத்துக்காரர் ஒருவர் சேர்க்கை அன்று கேட்டார். தண்ணீர், மெஸ், படிப்பு, விண்ணப்பம் என்று வேலைகளைச் சொன்னதும், "அதெல்லாம் அவ வீட்லயே செய்யறதுதானுங்களே" என்று கையெழுத்துப் போட்டார். இப்போது நானும் பெற்றோரிடம் அந்த வேலைகளின் பெயரைத்தான் சொல்கிறேன்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். விடுதியில் மற்றவர்கள் எங்கள் மாடியைத் 'தலைவி கோஷ்டி' என்று கூப்பிட்டார்கள், தனித்து வைத்தால் அப்படித்தான் ஆகும், அதனால் மூன்றாம் ஆண்டிலிருந்து மெஸ்ஸுக்கும் தண்ணீருக்கும் ஜோடியில் ஒருத்தி குழுவுக்கு வெளியே இருந்து என்று வைத்தோம், பேச்சு குறைந்தது. தை மாதம் பொங்கலுக்குப் போன இரண்டு பெண்கள் திரும்பி வரவில்லை, இரண்டு வீட்டிலும் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மூன்றாம் நாளே அவர்களின் ஜோடிப் பெண்கள் என்னிடம் சொன்னதால் உடனே அம்மாக்களிடம் பேச முடிந்தது. ஒருத்தி பன்னிரண்டாம் நாள் பையோடு வந்து நின்றாள். இன்னொருத்தி வரவில்லை. அவள் கட்டிலை யாருக்கும் கொடுக்காமல் மே வரை அப்படியே விட்டுவைத்தார்கள், நானும் ஒன்றும் சொல்லவில்லை.

படிப்பை இது தின்றுவிடக் கூடாது. இன்டர்னல் தேர்வு வாரத்திலும் செமஸ்டர் தேர்வு நாள்களிலும் பொறுப்புகள் எல்லாம் எனக்கும் விடுதிப் பணியாளர்களுக்கும் வந்துவிடும், கூடலும் கிடையாது. ஒருத்திக்கு அரியர் விழுந்தால், "இதில் சேர்ந்ததால்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள், அடுத்த ஆண்டு அந்த ஊரிலிருந்து ஒரு பெண்கூட வரமாட்டாள்.

கிருஷ்ணகிரியில், ஊத்தங்கரைப் பக்கம், ஆண்கள் விடுதியில் இதைத் தொடங்கலாமா என்று எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். 24 பேர் வேண்டாம், 12 பேரோடு தொடங்குங்கள் என்றேன். அதே மாடியில் தங்க ஓர் ஆசிரியர் மனதோடு முன்வர வேண்டும், வாரம் ஒருநாள் வந்துபோகிறவரால் இது நடக்காது. பொதுத்தமிழ் பிரிவை ஒன்றாக்க முதல்வரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், நேர அட்டவணை போடுகிறவரிடமும் தனியாகப் பேச வேண்டும், இரண்டாவது ஆள்தான் முக்கியம். இதெல்லாம் மார்ச், ஏப்ரலில் நடந்துவிட வேண்டும். ஜூனில் அறை ஒதுக்கீடு முடிந்த பிறகு போய்க் கேட்டால் நான்கு அறை இங்கே, மூன்று அறை அங்கே என்று சிதறித்தான் கிடைக்கும், ஒரே மாடி கிடைக்காது.